பையின் எடையும் பயணத்தின் எல்லையும்

இல்லறத்தில் இருக்கும் ஒரு சிராவகரோ சிராவகியோ, பிழைப்புக்காக அன்று, கல்விக்காக அன்று, மருத்துவத்துக்காகவும் அன்று, உலகைக் காண வேண்டும் என்னும் ஒரே விருப்பத்தால் ஆறு மாதம் தன்னந்தனியே அயல்நாடுகளில் திரிந்து வரலாமா? இவ்வினாவை நான் ஏடுகளைப் புரட்டித் தேடி எடுக்கவில்லை. வில்லியனூரில் என் தம்பி வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது எழுந்த வினா இது.

தம்பி மகளுக்கு இருபத்தாறு வயது. பொறியியல் படித்துவிட்டுச் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தாள். ஊதியத்தில் பாதியை வீட்டுக்குக் கொடுத்து மீதியைச் சேமித்தாள். சென்ற ஐப்பசியில் வேலையை விட்டுவிட்டதாகவும், முதுகில் ஒரு பையைச் சுமந்துகொண்டு வியட்நாமில் தொடங்கி ஜார்ஜியா, துருக்கி, பிரான்சு, நார்வே என்று போய்வரப் போவதாகவும் சொன்னாள். துணைக்கு ஒருவரும் இல்லை. வீடு இரண்டுபட்டது. "அண்ணா, நீங்கள் வந்து நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள். உங்கள் பேச்சைக் கேட்பாள்" என்று தம்பி பாகூருக்குத் தொலைபேசியில் அழைத்தான். அந்த நாலு வார்த்தையும் 'போகாதே' என்னும் ஒரே வார்த்தைதான் என்பதை நான் அறிவேன். இரண்டு பேருந்து மாறி வில்லியனூர் சேர்வதற்குள் என்ன சொல்வது என்று ஒழுங்கு செய்துகொண்டேன்.

எனக்குக் கிடைத்த முதல் கருவி திக்விரதம். சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் நம் வீடுகளில் இருப்பவை. இல்லறத்தார் ஐந்து அணுவிரதங்களோடு மேற்கொள்ள வேண்டிய குணவிரதங்களில் முதலாவதாக அவை கூறுவது திசைகளுக்கு எல்லை வகுத்தல். கடல், ஆறு, மலை, காடு, நாடு, இத்தனை யோசனைத் தொலைவு என்று அறியப்பட்ட அடையாளங்களைக் கொண்டு பத்துத் திசைகளிலும் ஓர் எல்லை குறித்து, வாழ்நாள் முழுவதும் அதற்கப்பால் செல்வதில்லை என்று உறுதி கொள்வது அது. அதன் பயனும் அழகானது. எல்லைக்கு அப்பாலுள்ள உயிர்களுக்கு நம்மால் நுண்ணிய தீங்கும் நேராது; அப்பகுதியைப் பொறுத்தவரை இல்லறத்தானுடைய அணுவிரதமே துறவியின் மாவிரதத்தை ஒத்துவிடுகிறது.

இவற்றையெல்லாம் நிதானமாக எடுத்துச் சொன்னேன். தம்பியின் முகம் தெளிந்தது. அந்தப் பெண் இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பெரியப்பா, நீங்கள் இந்த விரதம் எடுத்திருக்கிறீர்களா?" என்றாள். எடுத்திருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் மேல்சித்தாமூரில் தேர்த்திருவிழாவின்போது எடுத்துக்கொண்டது. "எல்லை எது?" என்றாள். வடக்கே இமயம், தெற்கே குமரி, கிழக்கிலும் மேற்கிலும் கடல் என்று விடை சொன்னேன். சொல்லும்போதே நாக்குத் தடுமாறியது. பாகூரில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நான் எந்நாளும் தாண்ட வேண்டிய தேவையே எழாத எல்லைகள் அவை. ஒன்றையும் விட்டுக்கொடுக்காமல் எடுத்துக்கொண்ட விரதம். அது மட்டுமன்று. திக்விரதத்தின் அதிசாரங்கள் ஐந்து என்பர். மேல், கீழ், குறுக்கு என மூவகையாலும் எல்லை கடத்தல், ஒரு பக்கத்து எல்லையை நீட்டிக்கொள்ளல், ஐந்தாவதாக வகுத்த எல்லையை மறந்துபோதல். அவள் கேட்கும்வரை எனக்கு அப்படியொரு விரதம் இருந்த நினைவே இல்லை. அவளை மறுக்க எடுத்த நூலில் நான்தான் முதலில் அகப்பட்டேன்.

ஆனாலும் நான் எழுந்து வந்துவிடவில்லை. குணவிரதங்களில் இன்னொன்று அனர்த்ததண்ட விரதம். பயனில்லாத தீங்கிலிருந்து விலகி நிற்பது. பயனின்றி மண்ணைத் தோண்டுவது, நீரை இறைப்பது, தீ மூட்டுவது, செடிகொடியைக் கிள்ளுவது ஆகியவற்றோடு, வீணே அலைவதையும் பிறரை அலையச் செய்வதையும் பிரமாத சரியை என்று சமந்தபத்திரர் சேர்த்துச் சொல்கிறார். இக்காலத்து ஊர்சுற்றலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா? சென்னையிலிருந்து பாரீசுக்கு விமானத்தில் ஒருமுறை போய்வந்தால் ஒரு பயணியின் பங்காக ஒரு டன்னுக்கு மேல் கரியமிலவாயு காற்றில் கலக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் காற்றை உயிர்க்கும் சீவராசிகள் எத்தனை! "எதற்காகப் போகிறாய்?" என்று கேட்டேன். அனர்த்தமா அர்த்தமுள்ளதா என்பதை முடிவுசெய்வது அந்த ஒரு கேள்வியே.

நம் பகுதியிலிருந்து கடல் கடந்து போவது புதிதன்று. 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தபின், ரெயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர். பின்னர்ப் பிரெஞ்சுப் படையில் சேர்ந்த சொல்தாக்கள் இந்தோசீனம் வரை போயினர். சைகோனில் கடை வைத்தவர்களும் எழுத்தர் வேலை பார்த்தவர்களும் உண்டு. 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பிள்ளைகள் இன்றும் பிரான்சுக்குப் போய்வருகிறார்கள். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இத்தகைய உறவு உள்ள வீடுகளைக் காணலாம். இவர்களையெல்லாம் அனுப்பியது பசி அல்லது ஊதியம். 1893இல் சிகாகோ சர்வசமயப் பேரவைக்கு வீர்சந்த் காந்தி போனதற்கும் காரணம் இருந்தது. அழைப்பு வந்தது ஆத்மாராம்ஜி முனிவருக்கு. துறவி கப்பலேறலாகாது என்பதால் அவர் தம்மிடத்தில் பயிற்றுவித்து இவரை அனுப்பினார். 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதிய ஏ. கே. செட்டியாரும் காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் திரட்டுவதற்காகவே பல கண்டங்களில் தனியே அலைந்தார். இவர்களில் யாரையும் வீணே அலைந்தார் என்று சொல்ல முடியாது.

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னது இது: "பெரியப்பா, நான் பிறந்ததிலிருந்து யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். இருட்டியபின் சாப்பிடாமல் இருக்கிறேன், கிழங்கு தொடாமல் இருக்கிறேன், பொய் சொல்லாமல் இருக்கிறேன். இதில் எது என்னுடையது, எது உங்கள் பார்வைக்காக என்று எனக்கே தெரியவில்லை. யாரும் பார்க்காத இடத்தில் நான் என்ன செய்வேன் என்று தெரிந்துகொள்ள வேண்டும்."

இதைக் கேட்டபின் 'வீணே அலைதல்' என்னும் சொல்லை அவள்மேல் எறிய எனக்கு மனம் வரவில்லை. பன்னிரு அனுப்பிரேட்சைகளில் ஒன்றான ஏகத்துவத்தை நாம் நாள்தோறும் சிந்திக்கிறோம். உயிர் தனியே வருகிறது, தனியே வினைப்பயன் நுகர்கிறது, தனியே போகிறது என்கிறோம். சொல்லிவிட்டு நூறு பேர் கூடிய பந்தியில் போய் அமர்கிறோம். தனிமையைச் சிந்திப்பது வேறு, அதற்குள் போய் நிற்பது வேறு. ஆயினும் இதைச் சொல்லி எவரும் எதையும் நியாயப்படுத்திக்கொள்ளலாமே என்னும் ஐயமும் எனக்குள் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆகவே அவள் சொல்வதை மட்டும் கேட்டு முடிவுசெய்யாமல், அவள் செய்துவந்த ஆயத்தங்களைப் பார்க்க விரும்பினேன்.

உலகம் எப்படி இருக்கிறது என்று அறிய விரும்புவதே நமக்கு ஆகாதது என்று எவரும் எண்ணிவிடலாகாது. பாகூரிலிருந்து தெற்கே பெண்ணையாற்றைக் கடந்தால் கடலூர். சர்வநந்தி முனிவர் 'லோகவிபாகம்' என்னும் உலக அமைப்பு நூலைச் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், சிம்மவர்மனின் இருபத்திரண்டாம் ஆட்சியாண்டில் பாடலிகை என்னும் ஊரில் எழுதி முடித்தார். பாடலிகை என்பது இன்று கடலூரின் பகுதியான திருப்பாதிரிப்புலியூர் என்று அறிஞர் பலர் கொள்வர். வண்டி வாகனம் ஏறாத முனிவர் ஒருவர், தீவுகளையும் கடல்களையும் வான்மீன்களையும் நம் வயல்களுக்கு அருகில் அமர்ந்து வகைப்படுத்தியிருக்கிறார். அதை எண்ணும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கும். அவள் போகத்தான் வேண்டுமா என்னும் கேள்விக்கு இதுவும் ஒரு விடைதான். ஆனால் எந்தப் பக்கத்து விடை என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

அவளுடைய அறைக்குள் சென்று பார்த்தேன். பாயின்மேல் அவள் கொண்டுபோகும் பொருள் அனைத்தும் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் சமையலறைத் தராசு. ஒவ்வொன்றையும் நிறுத்து ஒரு நோட்டில் எழுதியிருந்தாள். மூன்று மேலாடை, இரண்டு காற்சட்டை, ஒரு போர்வை, மழைச்சட்டை, சிறு மருந்துப்பை, நீர் வடிகட்டத் துணி, இரண்டு கிலோ அவலும் பொரிமாவும். எல்லாம் சேர்த்து எட்டுக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று தனக்குத்தானே விதித்திருந்தாள். பரிக்கிரக பரிமாண விரதம் எடுத்த எத்தனை பேர் தம் உடைமைகளை இவ்வாறு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து எண்ணியிருப்போம்? என் வீட்டு அலமாரியில் எத்தனை வேட்டி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஓசூர்ப் பக்கம் ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்திருப்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

பாயைப் பார்த்ததும் எனக்குக் கவுந்தியடிகள் நினைவு வந்தது. சிலப்பதிகாரத்தில் புகாரின் புறத்தே தவப்பள்ளியில் இருந்த அவர், கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகிறார்கள் என்று அறிந்ததும், அறவுரை கேட்கத் தாமும் மதுரை செல்லக் கருதியிருந்ததாகச் சொல்லிப் புறப்படுகிறார். எடுத்துக்கொண்டவை மூன்று: கடிஞை, தோளில் ஓர் அறுவை, கையில் மயிற்பீலி. முப்பது காத வழிக்கு அவ்வளவே ஆயத்தம். ஆனால் அவர் வழியைப் பற்றி எவ்வளவு எண்ணிப் பார்க்கிறார் என்பதையும் பாருங்கள். சோலை வழியே போனால் உதிர்ந்த செண்பகப் பூக்கள் கிழங்கு அகழ்ந்த குழிகளை மூடியிருக்கும். வயல் வழியே போனால் நண்டும் நத்தையும் அறியாமல் காலடியில் நசுங்கக் கூடும். தேன் கலந்த நீரைத் தாகத்தால் பருக நேரிடும் என்று ஒவ்வொரு வழியின் இடரையும் முன்னதாகவே எடுத்துரைக்கிறார். அவற்றில் சில நடப்பவருக்கு வரும் இடர். சில நடப்பவரால் பிற உயிர்களுக்கு வரும் இடர். இரண்டையும் ஒரே மூச்சில் அவர் சொல்வது எனக்கு எப்போதும் வியப்பு. இன்றைய பயண நூல்கள் முதல்வகையை மட்டுமே சொல்கின்றன.

அந்த இரண்டாம் வகை இடர் பாயின்மேலேயே கிடந்தது. குளிர்நாட்டுக்கு ஒரு மேற்சட்டை வேண்டும். முதுகுப்பை பயணிகள் பெரிதும் விரும்புவது வாத்து, நாரைவாத்து ஆகியவற்றின் மார்பு மென்தூவி அடைத்த சட்டை. சுருட்டினால் கைக்குள் அடங்கும்; எடையும் மிகக் குறைவு. அத்தூவி பெரும்பாலும் இறைச்சிக்காகக் கொல்லப்பட்ட பறவைகளிடமிருந்து எடுக்கப்படுவது. உயிரோடு பிடுங்கும் கொடுமையும் நடந்திருக்கிறது. செயற்கைப் பஞ்சு அடைத்த சட்டை அவ்வளவு சூடு தர வேண்டுமானால் கூடுதல் கனமாக இருக்கும். அவள் இரண்டையும் நிறுத்து எழுதியிருந்தாள்; வேறுபாடு 280 கிராம். கனமானதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதை ஈடுசெய்ய ஒரு காற்சட்டையையும் ஒரு புத்தகத்தையும் நீக்கியிருந்தாள். கவுந்தியடிகளின் பீலி மயில் தானே உதிர்த்தது. இந்தத் தூவி உதிர்ந்ததன்று. பை இலேசாக இருப்பதே பற்றின்மை என்று எண்ணுவோர் இந்த 280 கிராமை யார் சுமக்கிறார் என்று கேட்டுப்பார்க்க வேண்டும்.

ஆனால் அவளும் ஒன்றைத் தராசில் வைக்கவில்லை. அதை நான் சுட்டிக் காட்டினேன். அவளுடைய பணப்பையில் இருந்த வங்கி அட்டை. சில கிராம்களே இருக்கும். அது கையில் இருக்கும்வரை போகும் ஊரிலுள்ள கடைகளெல்லாம் அவளுடைய பெட்டிகளே. இரண்டு சட்டையோடு போகிறேன் என்பவர் மூன்றாவதை அங்கே வாங்கிக்கொண்டு இரண்டாவதைக் குப்பையில் போடலாம். துறவி குறைவாகச் சுமப்பதும் பயணி குறைவாகச் சுமப்பதும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கின்றன. உள்ளே வெவ்வேறு. இதைக் கேட்டு அவள் முதன்முறையாக மறுமொழி இல்லாமல் நின்றாள்.

அட்டையும் காசும் இல்லாமல் புறப்பட்டவர்களும் உண்டு. இராசத்தானில் பிறந்த சதீஷ் குமார் ஒன்பது வயதில் தேராபந்தத்தில் துறவு பூண்டார். பதினெட்டு வயதில் அதை விட்டு வெளியேறி வினோபாவின் இயக்கத்தில் சேர்ந்தார். அணுகுண்டை எதிர்த்த போராட்டத்தில் எண்பத்தொன்பது வயது பெர்ட்ரண்ட் ரசல் 1961இல் சிறைப்பட்ட செய்தி கேட்டு, நண்பர் ஈ. பி. மேனனுடன் 1962இல் தில்லி காந்தி சமாதியிலிருந்து மாஸ்கோ, பாரீசு, இலண்டன், வாஷிங்டன் ஆகிய நான்கு தலைநகரங்களை நோக்கி நடைபயணம் தொடங்கினார். வாழ்த்துப் பெறச் சென்றபோது வினோபா கூறிய ஆயத்தம் இரண்டே: கையில் காசு கொண்டுபோகாதீர்கள்; மரக்கறி உணவை விடாதீர்கள். பாகிஸ்தான் எல்லையில் நண்பர் ஒருவர் வழிக்கென்று உணவுப் பொட்டலங்களைக் கொண்டுவந்து கொடுத்தபோது அவற்றை வாங்க மறுத்தார்கள். அப்பொட்டலத்தை எடுத்துப் போவது, போகும் நாட்டு மக்களை நம்பவில்லை என்று சொல்வதாகும் என்பது அவர்கள் கருத்து. ஜார்ஜியாவில் தேயிலைத் தொழிற்சாலைப் பெண் ஒருவர் நான்கு நாட்டுத் தலைவர்களுக்கும் என்று நான்கு தேயிலைப் பொட்டலங்களை இவர்களிடம் கொடுத்தனுப்பியதும் அப்பயணத்தில்தான். தம்பி மகள் ஜார்ஜியாவைத் தன் வழியில் சேர்த்ததற்குக் காரணம் இந்தக் கதையே என்று பிறகு அறிந்தேன்.

இக்கதை எனக்குப் பிடிக்கும். ஆயினும் அப்படியே பின்பற்றச் சொல்லமாட்டேன். நடந்தவர்கள் இரண்டு இளைஞர். இவள் ஒற்றைப் பெண். நம்பிக்கைக்கு ஆண் கொடுக்கும் விலையும் பெண் கொடுக்கும் விலையும் உலகில் இன்னும் ஒன்றாகவில்லை. அன்றியும் இன்றைய அரசுகள் காசில்லாப் பயணியை உள்ளே விடுவதில்லை. பிரான்சு, நார்வே உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளுக்கு விசா கேட்டால் வங்கிக் கணக்கு, தங்குமிடச் சான்று, குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு எல்லாம் காட்ட வேண்டும். 180 நாட்களில் 90 நாட்களுக்கு மேல் தங்கவும் கூடாது. நாம் மறந்த திக்விரதத்தை அரசாங்கங்கள் நினைவு வைத்திருக்கின்றன என்று வேடிக்கையாகச் சொன்னேன். அவள் அவலையும் பொரிமாவையும் கொண்டுபோகத்தான் வேண்டும். அது அயலார்மேல் அவநம்பிக்கை ஆகாது. தனக்கு ஏற்ற உணவைத் தேடித் தரும் தொல்லையை அயலார்மேல் ஏற்றாமல் இருப்பதும் ஒரு மரியாதையே.

உணவைப் பற்றிப் பேச்சு வந்ததும் காந்தியடிகளின் முதல் கடற்பயணம் நினைவுக்கு வந்தது. 1888இல் பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் படிக்கப் போனபோது அவருக்கு வயது பத்தொன்பதுகூட நிரம்பவில்லை. சாதிச் சபை கூடி அவரை விலக்கிவைத்தது. வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போவோருக்கு ஒரு ரூபாய் நான்கு அணா தண்டம் என்றும் விதித்தது. அவருடைய ஆயத்தத்தில் இரண்டு பகுதிகள் இருந்தன. ஒன்று உடை. கரையிறங்கும்போது அணிய என்று வெள்ளைக் கம்பளி உடை ஒன்றைத் தனியே காத்துவைத்திருந்தார். இறங்கிப் பார்த்தால் செப்டம்பர் இறுதியில் அந்நிறம் அணிந்தவர் அவர் ஒருவரே. மற்ற உடைகள் இருந்த பெட்டிகளும் சாவிகளும் முகவரிடம் போய்விட்டன. நாணத்தோடு அதே உடையில் காத்திருக்க நேர்ந்தது. மற்றொன்று, பெச்சார்ஜி சுவாமி என்னும் சமண முனிவர் முன்னிலையில் தாய்க்குச் செய்து கொடுத்த உறுதி: மது, மாது, புலால் மூன்றையும் தொடுவதில்லை என்பது. உடை முதல் நாளே தோற்றது. எழுத்தறியாத தாயிடம், அந்நாட்டு நிலை தெரியாமல் செய்த சத்தியத்துக்கு என்ன மதிப்பு என்று நண்பர் ஒருவர் வாதாடினார். அரைப்பட்டினியோடு பல நாள் கழிந்தபின் ஒரு மரக்கறி உணவகம் கண்ணில் பட்டது. அதுவரை அவரைத் தாங்கியது அந்த உறுதிதான்.

ஆகவே பையை மூடிவைத்துவிட்டு, செய்யமாட்டாதவற்றின் பட்டியலை எழுதச் சொன்னேன். போகும் இடத்தில் பசியும் களைப்பும் சேர்ந்து தீர்மானிக்கும். அதற்கு இடம் கொடாமல் வீட்டிலேயே தீர்மானித்துவிட வேண்டும். பாலாடைக்கட்டி பலவற்றில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்கிறது. மிட்டாய்களில் ஜெலட்டின் இருக்கிறது. சில சிவப்புச் சாயங்கள் கோச்சினீல் பூச்சியிலிருந்து வருபவை. பெயர்ப்பட்டியலை அந்தந்த மொழியில் எழுதி வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். இரவுணவு பற்றி ஒரு சிக்கல் எழுந்தது. நார்வேயின் வடகோடியில் ஜூன் மாதத்தில் கதிரவன் மறைவதே இல்லை. அப்படியானால் நள்ளிரவிலும் உண்ணலாமா என்று சிரித்தாள். இருளில் கண்ணுக்குப் புலப்படாச் சிற்றுயிர்களைக் காக்கவும், நாவுக்கு ஓர் ஓய்வுநேரம் விதிக்கவும் ஏற்பட்ட விதி அது என்பது என் எண்ணம். முதல் காரணம் அங்கே தளர்ந்தாலும் இரண்டாவது தளரவில்லை. நம் ஊர் அந்திநேரத்தைக் கடிகாரத்தில் வைத்துக்கொள் என்றேன். இது என் கருத்தே. ஆசாரியர்கள் வேறு விதமாகவும் கூறக்கூடும்.

இவ்வளவு நேரமும் கதவருகில் நின்றிருந்த அவளுடைய தாயைப் பற்றி நாங்கள் மூவரும் பேசவில்லை. அவர் ஒன்றும் சொல்லவும் இல்லை. ஒரு மாதமாகச் சரியாக உறங்குவதில்லை என்று தம்பிதான் சொன்னான். மனத்தை வருத்துவதும் இம்சையே அன்றோ? மகளின் பயணத்தில் எட்டுக் கிலோவை மகள் சுமக்கிறாள். மீதி எடை இந்த வீட்டில் கிடக்கிறது. அச்சம் என்பதற்காகப் பெண்ணை வீட்டில் பூட்டிவைக்கவும் முடியாது. அவளுடைய வாழ்வு என்பதற்காகத் தாயின் அச்சத்தைக் கணக்கில் எடுக்காமல் விடவும் முடியாது.

இதற்கும் பழைய ஏற்பாடு ஒன்று நம்மிடம் உண்டு. திக்விரதம் வாழ்நாள் எல்லை. அதற்குள் இன்றைக்கு, இந்த வாரத்துக்கு என்று மேலும் சுருக்கிக்கொள்வது தேசாவகாசிகம். இந்தத் தெரு வரை, அந்த ஆறு வரை என்று காலையில் எண்ணிக்கொள்வது. தனியே பயணம் செய்பவருக்கு இதைவிட நல்ல காவல் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு காலையிலும் அன்றைய எல்லையைத் தானே வகுத்து, எந்த ஊரில் எந்த இடத்தில் இரவு தங்கப் போகிறாள் என்பதைத் தாய்க்கு எழுதிவிட வேண்டும். வழியில் கிடைத்த நட்பாலோ காட்சியின் ஈர்ப்பாலோ அன்று அந்த எல்லையைக் கடக்கக் கூடாது. மறுநாள் வேறு எல்லை வைக்கலாம். அவள் இதை ஏற்றாள். தாய் அப்போதுதான் வாய் திறந்தார். "எழுத மறந்தால்?" என்றார். மறந்தால் அது அதிசாரம் என்றேன். அவருக்கு அந்த விடை போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எழுத மறந்த நாளுக்கு அடுத்த நாள் பயணம் இல்லை, அந்த ஊரிலேயே தங்கி ஒருவேளை உணவு என்று மகள் தானே சேர்த்துக்கொண்டாள்.

அர்த்தமா அனர்த்தமா என்று தொடங்கிய கேள்விக்கு நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அவள் யாரும் பார்க்காத இடத்தில் இந்தப் பட்டியலைக் கைக்கொண்டால் அந்த டன் கரியமிலவாயுவுக்கு ஏதோ ஒரு பொருள் இருக்கும். கைக்கொள்ளாவிட்டால் அது வீண் அலைச்சல்தான். அது ஆறு மாதம் கழித்து அவளுக்கு மட்டுமே தெரியப்போகும் செய்தி. தம்பிக்கு என்மேல் வருத்தம். போகாதே என்று சொல்ல அழைத்தவன் எப்படிப் போவது என்று சொல்லிவிட்டு வந்தேன் என்கிறான். மறுக்க முடியவில்லை. மாசி மாதம் புறப்படுகிறாள்.

நான் கிளம்பும்போது அவள் தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்து, "பெரியப்பா, உங்கள் எல்லையைப் புதிதாக எழுதித் தாருங்கள், நான் வந்ததும் கேட்பேன்" என்றாள். பாகூர் வந்து இரண்டு நாள் அத்தாள் மேசைமேல் கிடந்தது. மூன்றாம் நாள் உட்கார்ந்து எழுதினேன். கிழக்கே கடல். வடக்கே காஞ்சி, திருப்பருத்திக்குன்றம் வரை. தெற்கே கடலூர், மகள் வீடு அங்கே இருக்கிறது. மேற்கே திருமலை என்று எழுதிவிட்டுப் பேனாவை நெடுநேரம் கையில் வைத்திருந்தேன். ஓசூர் அதற்கும் அப்பால் இருக்கிறது. முன்பணம் கொடுத்த மனையின் பத்திரம் தை மாதம் முடிவதாக ஏற்பாடு. திருமலையை அடித்து ஓசூர் என்று மாற்றி எழுதலாமா என்று என் துணைவியாரிடம் கேட்டேன். அவர் விடை சொல்லாமல் தாளை வாங்கிப் படித்துவிட்டு மேசைமேலேயே வைத்தார்.